தீவுக்குக் கொண்டுபோன இரண்டு தோல் துண்டுகள்

இந்தப் பயணத்தைப் பற்றி நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். காரணம் எளியது. நாங்கள் ஊர் திரும்பி நான்கு நாள்கள்தாம் ஆகின்றன. அதற்குள் ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் இப்பயணத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டாகிவிட்டன. ஒன்றில் சுறா வருகிறது. மூன்றையும் சொன்னவன் என்னுடன் வந்த நண்பனே ஆதலால் வேறு எவரையும் குறைகூற இடமில்லை. ஆகவே, நானே கண்டதும், என் காதால் கேட்டதும், ஐயம் தோன்றிய இடத்தில் நடந்துபோய்ப் பார்த்ததும் அன்றி வேறெதுவும் இங்கே இராது. மணல் வெண்மையாக இருந்தது என்று எழுதுவேன். எதைப் போல வெண்மையாக இருந்தது என்று எழுதமாட்டேன்.

நண்பனும் நானும் பள்ளித் தோழர்கள். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். அவன் பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிப்பவன். உப்பிட்டு வரும் ஆட்டுத் தோல்களில் நல்லதையும் கெட்டதையும் வேறாக்கி அடுக்குவது அவன் வேலை. கெடத் தொடங்கிய தோலைக் கண் காட்டாது. மயிரை இழுத்தால் கையோடு வரும். ஆனால் அதற்குள் காலம் கடந்திருக்கும். முதலில் அறிவது மூக்கே. சென்ற ஆண்டு வந்த காய்ச்சல் ஒன்றில் அவனுக்கு மோப்பம் போய்விட்டது. பத்து மாதங்களாக அதை அவன் மனைவியிடமும் என்னிடமும் மட்டுமே சொல்லியிருந்தான். முதலாளிக்குத் தெரிந்தால் அவன் இடத்தில் வேறொருவர் உட்காருவார். தெரியாமல் இருந்தால் கெட்ட தோல் நல்ல தோலோடு ஊறவைக்கும் தொட்டிக்குப் போகும். மோப்பம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். கிராம்பையும் எலுமிச்சையையும் நாள்தோறும் முகர்ந்து பழகச் சொன்னார். அவன் ஐந்து மாதம் முகர்ந்தான். அதன்பின், கடற்காற்றுதான் வழி என்று தானாகவே முடிவுசெய்தான். மருத்துவர் அவ்வாறு சொல்லவில்லை என்பதை அவருடைய சீட்டைப் படித்து உறுதிசெய்துகொண்டேன்.

“காத்து மாறுனா எல்லாம் மாறும் வாத்தியாரே. நீயும் வா. ரிட்டயர் ஆகி வூட்ல இன்னா கிழிக்கிற?” என்றான்.

கிழிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் போனேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் அந்தமானுக்கும், அங்கிருந்து படகில் ஒரு சிறு தீவுக்கும் சென்றோம். கடலோரத்தில் ஓலை வேய்ந்த குடில். அதை நடத்தியவர் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்து அம்மையார். குடிலின் முன் இரண்டு சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தார். இனி ஓய்வெடுக்க வேண்டியதுதான். அதை எப்படிச் செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல், கடலைப் பார்த்தோம்.

“இப்ப இன்னா பண்ணணும்?” என்றான் நண்பன்.

“ஒண்ணும் பண்ணக் கூடாது.”

“எவ்ளோ நேரம்?”

“நாலு நாளு.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்டிக்கொண்டான்.

அவன் பையில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவில் உப்பிட்ட தோல் துண்டு. ஒன்று நல்லது, மற்றது கெட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நாள்தோறும் காலையில் அவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் டப்பாக்களை மாற்றி மாற்றி நீட்ட வேண்டும். கெட்டது எது என்று அவன் சொல்ல வேண்டும். எனக்கு அடையாளம் தெரிவதற்காகக் கெட்டதன் அடியில் ஆணியால் ஒரு கீறல் இட்டிருந்தான். மூக்குத் திறந்தால் அது தோலில் தெரிய வேண்டும், கிராம்பில் தெரிந்து பயனில்லை என்பது அவன் வாதம். அதில் பிழை காண என்னால் இயலவில்லை. முதல் காலை ஆறு முறை நீட்டினேன், மூன்று சரி. இரண்டாம் காலை ஆறில் நான்கு சரி.

“ஏறுது பாத்தியா?”

“குருட்டாம்போக்குல சொன்னாலும் நாலு வரும்டா.”

“உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா?”

அன்று பிற்பகல் வெயில் கடுமையாக இருந்தது. பக்கத்துக் குடிலில் தங்கியிருந்த இளந்தம்பதியர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு தொலைவிலிருந்த வேறொரு குடிலுக்குப் போவதைக் கண்டேன். சற்று நேரத்தில் அம்மையார் சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு எங்கள் வாயிலில் வந்து நின்றார்.

“அண்ணே, உள்ள எலி செத்துக் கெடக்கு.”

நாங்கள் இருவரும் காற்றை இழுத்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் அவர் சொல்லைத் தள்ளாமல் கட்டிலை நகர்த்தினோம். மெத்தையைப் புரட்டினோம். நண்பன் நாற்காலியின் மேல் ஏறி ஒரு கழியால் கூரை ஓலையைத் துழாவினான். எலியைத் தேடியதில் எங்களிடம் எந்தக் கள்ளமும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். ஏறத்தாழ அரைமணி நேரம் தேடினோம்.

“எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா,” என்றேன்.

“எனக்குந்தான்,” என்றான் நண்பன், கூரையைத் துழாவியபடி.

“ரெண்டு பேருக்குமா? கரை வரைக்கும் வீசுது! மூக்கக் கழட்டி ஊர்ல வச்சுட்டா வந்தீங்க?” என்றார் அம்மையார்.

நண்பனின் கழி நின்றது.

அவர் உள்ளே வந்து, நேராக அவன் பையருகே சென்று குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். ஒரு டப்பாவின் மூடி நெகிழ்ந்திருந்தது.

“என்னண்ணே இது?”

“சாம்பிள்மா. ஆட்டுத் தோலு.”

“இங்க எதுக்கு?”

“மோந்து பாக்க.”

“யாரு?”

“நாந்தான்.”

“பாத்தீங்களா?”

“தெனம் ஆறு வாட்டி.”

அம்மையார் என் பக்கம் திரும்பினார். அது உண்மையாதலால் நான் தலையசைத்தேன். பொழுது சாய்வதற்குள் கண்காணாத இடத்தில் புதைத்துவிட்டு வருமாறு சொல்லிவிட்டு அவர் போனார்.

கரையோரமாக நெடுந்தூரம் நடந்தோம். நண்பன் திடீரென்று நின்றான்.

“வாத்தியாரே, எனக்கு வாடை வரல, சரி. உனக்கு ஏன் வரல?”

முப்பது ஆண்டுகளாக நான் தோல் தொழிற்சாலை ஒன்றின் மதிலை ஒட்டிய வீட்டில் வாழ்கிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவினர் மூக்கைப் பொத்தும்போதுதான் அங்கே ஒரு வாடை இருப்பது எனக்கு நினைவுக்கு வரும். தீவிலும் நான் டப்பாவின் கீறலைத் தடவியே கெட்டதை அறிந்தேன், ஒருமுறையும் முகர்ந்ததில்லை. இப்போது இரண்டையும் திறந்து முகர்ந்தேன். வேறுபாடு உண்டு என்று சொல்ல விரும்பினேன்.

“ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு.”

“அடப்பாவி! உன்ன நம்பித்தானே இட்டுக்கினு வந்தேன்!”

அவன் மணலில் உட்கார்ந்து சிரித்தான். பத்து மாதங்களில் அவன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு தாழம்புதரின் அருகே கொட்டாங்கச்சியால் குழி தோண்டினோம். பாதி தோண்டியபோது அவன் தலையைத் தூக்கினான்.

“இன்னா வாசனை அது?”

“எது?”

“ஈரமா… பாசி மாரி. இரு. போய்டுச்சி. இல்ல, இருக்கு.”

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் என் மூக்கின் தகுதி சற்று முன்புதான் முடிவாகியிருந்தது. எழுந்து, அவன் கைகாட்டிய திசையில் நடந்தேன். ஒரு பாறைக்கு அப்பால் கரையொதுங்கிய பாசி குவியலாகக் கிடந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது. அது அவன் கூற்றுக்கு வலுச்சேர்த்தது. ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்தேன். காற்று அவன் பக்கமிருந்து பாசியை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. அது வலுச்சேர்க்கவில்லை. திரும்பி வந்து இரண்டையும் சொன்னேன்.

“அப்ப எனக்கு வந்துதா, வரலயா?”

“தெரியலடா.”

அவன் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தான்.

“எனக்கே சத்தியமா சொல்லத் தெரியல. ஊருக்குப் போனா ஒரு லோடு வந்து நிக்கும். நல்லதுன்னு தள்ளிவுட்டேன்னு வையி, தொட்டிலேர்ந்து எடுக்கறப்பதான் ஓட்ட ஓட்டயாத் தெரியும். என் மூக்கயே நான் நம்பல. அத வச்சிக்கினு இன்னொருத்தன் சரக்க எப்டி நம்புறது?”

டப்பாக்களோடு சேர்த்தே குழிக்குள் போட்டான். அவை அவன் மனைவியின் டப்பாக்கள் என்பதை நினைவூட்டினேன்.

“தெரியும். மூடு,” என்றான்.

மூன்றாம் நாள் முகர்வதற்கு ஒன்றும் இல்லை. அவன் நாற்காலியில் சாய்ந்து பதினொரு மணிவரை உறங்கினான். பிறகு இருவரும் சட்டையோடு கழுத்தளவு நீரில் நின்றோம். நீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் எங்கள் கால்விரல்கள் தெரிந்தன, இருபதும் இருந்தன. உணவுக்கு அம்மையார் பொரித்த மீன் கொடுத்தார். நண்பன் ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தின்றான். வாடை வந்ததா என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் படகுத்துறையில் அவன் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தான். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை இயக்கினான்.

“பாய், ஒரு விசயம். பத்து மாசமா எனக்கு மூக்கு வேலை செய்யல. உங்களாண்ட மறச்சிட்டேன். தப்புதான்.”

மறுமுனையில் வண்டிகளின் ஓசைக்கு நடுவே முதலாளியின் குரல் வந்தது.

“எங்க கீற நீ?”

“அந்தமான்ல.”

“அந்தமான்லயா? அங்க இன்னா பண்ற?”

“ரெஸ்ட் எடுக்கறேன் பாய்.”

“வா. வந்து பேசலாம்.”

அத்துடன் இணைப்பு நின்றது. அந்தக் குரலில் சினம் இருந்ததா என்பதைப் படகின் இயந்திர ஓசையில் என்னால் பிரித்தறிய இயலவில்லை.

முதலாளியிடம் சொல்லியாகிவிட்டதால் இனி எழுதலாம் என்று நண்பனே இசைவு தந்தான். முதலாளி சென்னையில் இருக்கிறார்; திங்கட்கிழமை மண்டிக்கு வருகிறார். அதுவரை நண்பன் தோலைத் தொடாமல் விடுப்பில் இருக்கிறான். அன்று குழியருகே அவன் மூக்குக்கு எட்டியது பாசியின் வாடைதானா, எட்டியதாக அவன் எண்ணினானா என்பது தெரியவில்லை. மோப்பம் திரும்புமா என்பது மருத்துவருக்கும் தெரியவில்லை. நேற்று மீண்டும் கேட்டோம். திங்கட்கிழமைக்குப் பின் அவனுக்கு அந்த மண்டியில் வேலை இருக்குமா, இருந்தால் எந்த வேலை என்பதும் தெரியவில்லை.