வாத்தைக் குதிக்கவைக்கும் விரல்

என் தம்பிக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனதிலிருந்து எனக்கும் சரியான தூக்கம் இல்லை. அவனுக்குப் பேச்சு குழறலாகத் திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான். கைதான் மடியிலேயே கிடக்கிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். அவன் அதை இடது கையால் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டான்.

"அவரு முயற்சி பண்ணலன்னா கை இப்படியே நின்னுடுங்க," என்று வாசலில் என்னிடம் சொன்னாள்.

தம்பி வீடு இருக்கும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு அந்த வாத்து ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்த காலம். குயிலாப்பாளையத்தில், சொந்த நாட்டுக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றார். மின்விசிறி வாங்கப் போன தம்பி, டி.வி.யில் மாட்டும் சின்ன கம்ப்யூட்டர் ஒன்றோடு வந்தான். கூடவே ஒரு விளையாட்டு கேசட்; டேப்ரெக்கார்டரில் போட்டுக் கத்தவிட்டால்தான் விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறும். அட்டையில் பிரெஞ்சு எழுத்து, தொப்பி வைத்த ஒரு பறவையின் கார்ட்டூன் படம். அந்தக் கார்ட்டூனை நாங்கள் பார்த்ததில்லை. பார்த்தவர் எவரையும் இன்றுவரை சந்தித்ததுமில்லை. அது கோழி என்றேன் நான், வாத்து என்றான் அவன். திரையில் அது பதினெட்டு வெள்ளைக் கட்டங்கள்தான். எண்ணிப் பார்த்தும் வழக்கு தீரவில்லை.

ஒரே கீபோர்டு என்பதால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓடவைப்பது நான், குதிக்கவைப்பது அவன். பள்ளம் வரும்போது நான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பேன். மூணில் அவன் கீபோர்டின் கீழ்வரிசையில் இருக்கும் நீளக் கட்டையைத் தட்டுவான். அதை ஒருவரே விளையாடலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

மறுநாள் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். தம்பி மனைவி பையை எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னும் உயிரோட கீதா, மாமா?"

"கீது. வெளயாடி முடிக்கிறவரைக்கும் மிக்ஸி மட்டும் போட்டுடாதம்மா. வோல்டேஜ் எறங்கினா எல்லாம் போயிடும்."

"உங்க கோழிக்காக நாங்க சட்னி இல்லாம இட்லி துன்னணுமா?"

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "வா...த்து."

கேசட் கிரீச்சென்று கத்தத் தொடங்கியது. முதல் முறை பாதியில் நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. நாடாவின் ஆரம்பத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதை நகத்தால் நீவிவிட்டுப் போட்டேன். மூன்றாம் முறை தொப்பிப் பறவை திரையில் வந்தது.

அவன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நீளக் கட்டையின் மேல் வைத்தேன்.

"வாணாம்ணா."

"ஒரு விரல்தாண்டா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பறவைக்கு மூன்று உயிர். முதல் பள்ளத்தில் எண்ணினேன், விரல் அசையவில்லை, பறவை விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அவன் நெற்றி வியர்த்துவிட்டது. இதைக் கொண்டுவந்ததே தப்போ, இருக்கிற மனசையும் உடைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். நிறுத்தவும் துணிவில்லை. மூன்றாவது உயிரும் விழுந்தது. இசை நின்றது. அதற்குப் பிறகு, டக் என்று ஒரு சத்தம்.

கட்டை அமுங்கியிருந்தது.

நான் திரையைப் பார்ப்பதுபோல் இருந்தேன். அவன்தான் பேசினான்.

"நீ... ஜல்தியா எண்ற. எப்பவுமே."

அந்தக் காலத்தில் இதற்கே இரண்டு நாள் சண்டை போட்டிருப்பேன். "ஆமாண்டா," என்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன். விரலுக்குச் சேதி போய்ச்சேர இப்போது கூடுதலாக நேரம் ஆகிறது. எண்ணுவதை முன்கூட்டியே ஆரம்பித்து, முன்பு 'ஒண்ணு' சொன்ன இடத்திலேயே 'மூணு' சொல்லிவிட வேண்டும்.

மறுபடி தொடங்கப்போனேன். உள்ளே மிக்ஸி உறுமியது. விளக்கு மங்கி, திரை வெறுமையாகிவிட்டது.

"அய்யோ, பாட்டு நின்னுச்சே, முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன் மாமா!"

நாடாவை ஆரம்பத்துக்குத் திருப்பிச் சுற்றினேன். அந்த மடிப்பு இன்னொரு முறை தாங்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. கேசட் கத்தத் தொடங்கியது. தம்பியின் கை மடிக்குத் திரும்பவில்லை, கட்டையின் மேலேயே இருந்தது. நான் உதட்டுக்குள் 'மூணை' முன்னால் தள்ளித் தள்ளி எண்ணிப் பழகிக்கொண்டிருந்தேன்.