வாய் தைத்த இதழ்

போன வாரம் கொழும்பிலிருந்து ஒருவர் போன் செய்தார். என்னைப் போலவே அபூர்வமான சிறுபத்திரிகைகளையும் கையால் செய்த புத்தகங்களையும் தேடிச் சேர்க்கிறவராம்.

"அண்ணே, உங்ககிட்ட 'அவிழ்' இதழ் இருக்குன்னு சொன்னாங்க. தையல் பிரிக்காமத்தானே வச்சிருக்கீங்க?"

பிரிக்கவில்லை என்றதும் மனிதர் உடனே விலை கேட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.

எங்கள் வீட்டில் ஓர் அலுமாரி முழுக்க இந்தச் சேகரம்தான். விசிறி மாதிரி மடிந்த இதழ், நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் கவிதைத் தொகுதி, நடுவில் ஓட்டை போட்ட நாவல். "பழைய பேப்பர்காரன்கூட இத எடுக்க மாட்டான்" என்பது என் மனைவியின் விமர்சனம். ஆனால் அலுமாரியைத் திறந்தால் வரும் வாசனையை அவளும் குறை சொன்னதில்லை. அது துணிப்பையில் போட்டுத் தைத்த 'அவிழ்' இதழிலிருந்து வருவது. மூக்கில் பட்டதும் நான் மாத்தளையில் என் நண்பன் நிசாமின் வாப்பாவுடைய வாசனைச் சரக்கு ஸ்டோருக்குப் போய்விடுவேன்.

பகலில் எனக்குக் கந்தோரில் கிளாக்கர் வேலை, மாலையில் அந்த ஸ்டோரில் நிசாமோடு புரட்சி. புத்தகத்தை எதற்குக் கட்ட வேண்டும், பக்க எண் எதற்கு என்பான் அவன். நான் தலையாட்டுவேன். எனக்குச் சொந்தமாகக் கொள்கை எதுவும் இருந்ததில்லை. கவிதைகளைத் தனித்தனித் தாள்களில் ரோனியோ மெஷினில் அடித்து, கொழும்பு வியாபாரிகளுக்குச் சரக்கு மாதிரி அனுப்பும் சின்னத் துணிப்பைகளில் போட்டோம். வாசகர் கையை விட்டு, அகப்படுகிற தாளை வாசித்துக்கொள்ள வேண்டியது. நிசாம் தன் கவிதையை எனக்கும் காட்டவில்லை. "நீயும் கைய விட்டு எடுத்து வாசி" என்றான். மூலப்பிரதி வைத்திருப்பது பிற்போக்குத்தனம் என்று ஸ்டென்சிலையும் கொளுத்திவிட்டான்.

வெளியீட்டன்று வந்து பார்த்தால் எல்லாப் பைகளின் வாயும் சணல் நூலால் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது. சாக்குத் தைக்கிற கறுப்பையா அண்ணன் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"வாய் தொறந்த பை இந்த ஸ்டோர விட்டு வெளிய போனதில்லங்க தம்பி."

பிரிக்க நேரமில்லை, அப்படியே கொண்டுபோனோம். தையல்தான் சோதனை முயற்சி என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். 'வாசிக்க மறுக்கும் பிரதி' என்று ஒருவர் நெடுநேரம் பேசினார். நிசாம் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். "நீயும் பிரிச்சிடாதடா" என்று என்னிடமும் சொல்லிவிட்டான். ஆக, இதழாசிரியர்களில் ஒருவனான நானே அந்த இதழை வாசித்ததில்லை. நாவுலயில் ஒரு வாத்தியார் வீட்டில் அது ஊசி குத்திவைக்கப் பயன்பட்டது. கலேவெலயில் ஒரு கடைக்காரர் ராசிக்காகக் கடை வாசலில் தொங்கவிட்டார்.

பிரித்தவர் ஒரே ஒருவர், கொழும்பு புறக்கோட்டை வியாபாரி. வசவாசிக்கு, அதாவது சாதிபத்திரிக்கு, மாதிரி கேட்டிருந்தவருக்கு எங்கள் பை ஒன்று மாறிப் போய்விட்டது. போனில் வாப்பாவைப் பிடித்துக்கொண்டார். "சாமான் கேட்டா என்னத்த அனுப்பியிருக்கீங்க? கேளுங்க ஹாஜியார்!" என்று நிசாமின் கவிதையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கோபமாக வாசித்துக் காட்டினாராம். வாப்பா ரிசீவரை வைத்துவிட்டு மகனைப் பார்த்து, "நல்லாத்தான் எழுதியிருக்க. வசவாசிய மறக்காம அனுப்பிடு" என்றார். நிசாம் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

நிசாம் இப்போது இல்லை. மற்றப் பிரதிகளும் இல்லை. கொழும்புக்காரர் சங்கதியை அவன் மகள் பஸ்னாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தயிலிருந்து வந்துவிட்டாள்.

"அங்கிள், வாப்பாட கவிதைய நான் கண்டதே இல்ல. ஒருக்கா வாசிச்சுப் பாக்கலாமா?"

பிரித்தால் சேகரத்தின் பெருமை போச்சு. பிரிக்காவிட்டால் அவளுடைய வாப்பா உள்ளேயே கிடப்பார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை அவள் கையிலேயே கொடுத்தேன். கறுப்பையா அண்ணனின் தையல் லேசில் விடவில்லை.

பையைக் கவிழ்த்தோம். சிவப்பெல்லாம் வெளுத்துப்போன வசவாசி சரசரவென்று மேசையில் கொட்டியது. ஒரு தாள்கூட இல்லை. எங்கள் பை கொழும்புக்குப் போனதென்றால், போக வேண்டிய பை எங்களிடம் தங்கியிருக்கும் என்பது இத்தனை வருஷமும் எனக்கு உறைக்கவில்லை. கவிதைத் தாளில் ஊறிய வாசனை என்று வந்தவர்களுக்கெல்லாம் மோந்து பார்க்கக் கொடுத்தேனே, அது இதுதான்.

"பிரியாணிக்குப் போடுறதயா அங்கிள் பூட்டி வச்சிருந்தீங்க?" என்று பஸ்னா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போகும்போது ஒரு பிடி வசவாசியைக் கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. கறுப்பையா அண்ணன் இல்லை, ஹாஜியாரும் இல்லை. எனக்கு என் நண்பனுடைய கவிதையில் ஒரு வரிகூடத் தெரியாது என்பது துக்கமாகத்தான் இருக்கிறது. அதை முழுதாகக் கேட்டவர் அவனுடைய வாப்பா ஒருவர்தான். அவரும் ஏச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.