கயிறு கட்டாமல் லோரி நகராது

கிள்ளான் பாசார்ச் சந்தையில் போய் லோரி சின்னையா எங்கே என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். கயித்துக்காரன் எங்கே என்று கேட்டால் போதும், கச்சான் கடலை விற்கிறவன்கூடக் கையை நீட்டுவான். "அந்தப் பிடிவாதம் பிடிச்ச ஆளா? அந்தா, லோரிக்கு அடியில கிடக்கிறான் பாருங்க" என்பான். 1934ஆம் வருஷம் அந்த ஊரில் லோரி ஓட்டத் தெரிந்த தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் சின்னையாவுக்கு மட்டும்தான் இப்படி ஒரு பட்டப்பெயர். அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

அவன் சட்டம் சின்னச் சட்டம்தான். கனமான சாமான் அடியில், முன்பக்கம் ஒட்டி இருக்க வேண்டும். குறுக்கும் நெடுக்கும் கயிறு போட வேண்டும். பின்பலகைக்கு இரண்டு பக்கமும் ஆணி இறங்கி, சங்கிலியும் மாட்டியிருக்க வேண்டும். சாமானுக்கு மேலே யாரும் உட்காரக் கூடாது, பின்பலகையில் காலைத் தொங்கப் போடக் கூடாது, மிதிபலகையில் நின்றுகொண்டு வரக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு என்ஜின் சுற்றும் இரும்புக் கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பான். எல்லாம் அவன் சொன்னபடி ஆனால்தான் கைப்பிடி கீழே இறங்கும். அது இல்லாமல் லோரி கிளம்பாது, என்ன செய்வீர்கள்?

இதெல்லாம் அவனோடு கூடப் பிறந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் அவன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மரவாடியில் ஏற்றுக்கூலியாக இருந்தான். கூட வேலை செய்த டொமினிக் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். ஒரு நாள் மரம் ஏற்றிய லோரியில், கட்டிய சங்கிலியின் ஒரு கண்ணி தேய்ந்து நூலாகியிருப்பதைச் சின்னையா பார்த்தான். மேஸ்திரியிடம் காட்டினான். "தாங்கும் போ" என்றார் மேஸ்திரி. பெரிய மனுஷர் சொல்லிவிட்டார் என்று இவனும் வாயை மூடிக்கொண்டான். டொமினிக் வழக்கம்போல மரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்து, இவனைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான். பங்சார் ரோட்டு வளைவில் சங்கிலி தெறித்தது. மரத்தோடு மரமாக உருண்டவனைப் பாய் விரித்துத்தான் எடுத்தார்கள். விசாரணையில், உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தது இறந்தவன் குற்றம் என்று எழுதினார்கள். அந்தத் தாளின் அடியில் சாட்சியாகக் கைநாட்டு வைத்தவர்களில் சின்னையாவும் ஒருவன். அந்தக் கட்டைவிரலை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்ததாகப் பிறகு தன் மனைவி வீரம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். வெட்டவில்லை. லோரி ஓட்டக் கற்றுக்கொண்டான்.

இப்போது கதைக்கு வருவோம்.

மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பெரிய கங்காணி தம்புசாமி. தோட்டத்து ரப்பர் ஷீட்டைக் கிள்ளான் கிடங்குக்கு எந்த லோரி ஏற்றுவது என்பதில் அவர் சொல்தான் எடுபடும். சின்னையாவின் முதலாளியான சீனத் தவுக்கேயின் பிழைப்பே அந்த ரப்பர் ஷீட்டில்தான் ஓடியது. ஆகவே கங்காணி மகள் தங்கமணிக்கு ரவாங்கில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் நிச்சயமானதும், பெண்ணையும் சீரையும் கொண்டுபோகத் தவுக்கே தானே முன்வந்து லோரியைக் கொடுத்தார். சின்னையாவைத் தனியாக அழைத்து, "இன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காத லா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லி, பதினொரு மணிக்கே லோரியை நிரப்பிவிட்டார்கள். சின்னையா தோட்டத்து ரப்பர் தொழிற்சாலைக் கிணற்றடியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பி வந்து பார்த்தான்.

பின்பலகையின் ஆணி இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடுக்கில் வாழைமரம் இரண்டைச் செருகி நிறுத்தியிருந்தார்கள். மங்களமாம். உள்ளே ஐந்து மூட்டை அரிசி. அரிசி மூட்டைக்கு மேலே, வானத்துக்கும் பூமிக்கும் நடுவில், புத்தம் புதுத் தையல் மிஷின். காலால் மிதிக்கும் இரும்பு மிஷின், இரண்டு ஆள் தூக்கும் கனம். அதற்குப் பக்கத்தில் அம்மிக்கல். பித்தளை அண்டா, டிரங்குப் பெட்டி, தேக்குக் கட்டில் எல்லாம் கண்ட இடத்தில் கிடந்தன. இந்தச் சாமான்களுக்கு இடுக்கிலும் கீழேயும் பெண்களும் பிள்ளைகளுமாக இருபத்தெட்டுப் பேர். தையல் மிஷினுக்கு நேர் கீழே கர்ப்பிணி ஒருத்தி சாய்ந்துகொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுக் கயிறு எங்கேயும் இல்லை.

"கங்காணியாரே, எல்லாரையும் எறக்குங்க. சாமானைக் கட்டணும்" என்றான் சின்னையா.

தம்புசாமி சரிகைத் தலைப்பாகையும் கோட்டுமாக நின்றார். "என்னாத்தைக் கட்டணும்?"

"மிஷினைக் கீழ எறக்கி, அம்மியை மூலையில வச்சு, எல்லாத்துக்கும் மேல கயிறு போடணும். பின்பலகைக்கு ஆணி போடணும்."

அங்கேதான் வினை பிடித்தது. கங்காணியின் மனைவி இராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சீர் சாமானுக்குக் கயிறா? என்ன பேச்சு பேசுற நீ? குறுக்கும் நெடுக்கும் கயித்தைப் போட்டுக் கட்டுறதுன்னா எதைக் கட்டுவாங்கன்னு தெரியாதா உனக்கு? என் மவ உசிரோட புருஷன் வீட்டுக்குப் போறா."

பாடை என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அந்தத் தோட்டத்தில் யார் வீட்டுச் சீரையும் கட்டிக் கொண்டுபோனதில்லை. சீர் என்றால் தாம்பாளத்தில் பரப்பி, பார்க்கிறவன் கண்ணில் படும்படி போக வேண்டும். மாட்டுவண்டியில் அப்படித்தான் போனது. மாடு நடக்கிற வேகத்துக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. அதே வழக்கத்தை இருபத்தைந்து மைல் வேகத்தில் ஓடுகிற இரும்பு வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை.

"மிஷின் மேலதான் இருக்கணும். ரவாங்குக்குள்ள நுழையும்போது நாலு சனம் பாக்க வேணாமா?" என்றார் கங்காணி.

"நாலு சனம் பாக்கட்டும். அதுக்கு முன்னாடி அது யார் தலையில எறங்கும்னு நீங்க பாருங்க."

"அப்ப ரெண்டு தடவையாப் போயிட்டு வா" என்று யாரோ சொன்னார்கள். இராஜம்மா விடவில்லை. பெண்ணும் சீரும் ஒன்றாகத்தான் வாசல் ஏற வேண்டும். சின்னையா நேரே முன்பக்கம் போய் மிதிபலகையில் உட்கார்ந்து, கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டான்.

"எந்திரிடா. ராகு காலம் வருது" என்றார் கங்காணி.

"வரட்டும்."

"யார்கிட்டப் பேசுறன்னு தெரிஞ்சு பேசு. நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு உனக்கு லோரி இல்ல."

"தெரியும் கங்காணியாரே. இன்னிக்கு இருக்கில்ல. இன்னிக்குக் கட்டாம நகராது."

அவனுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். தவுக்கே சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிக் கங்காணியைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால்தான் தூக்கிப் பார்த்தான். மரவாடியில் ஒரு முறை தலையைக் குனிந்தது அவனுக்கு ஆயுசுக்கும் போதும்.

பன்னிரண்டடிக்க அரைமணி இருக்கும்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணப்பெண் தங்கமணி. மாலையும் கழுத்துமாக, பேசக் கூடாத நேரத்தில் பேசினாள்.

"யம்மா, கயித்துக்கு மஞ்சப் பூசிட்டா?"

அவள் தலையைக் குனிந்தபடியே தொடர்ந்தாள். "நாளன்னிக்கு என் கழுத்துல கட்டப்போறதும் மஞ்சப் பூசின கயிறுதானே. அது ஆகும், இது ஆகாதா? பிள்ளத்தாச்சி சந்திரகலா அக்கா இந்த மிஷினுக்குக் கீழ குந்தியிருக்கு. எனக்கு அதைப் பாத்தாப் பயமா இருக்கு."

இராஜம்மாவே ஒரு சொம்பில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தாள். நாலு பெண்கள் சேர்ந்து, நாற்பது முழத் தேங்காய்நார்க் கயிற்றுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே மஞ்சள் பூசினார்கள். சின்னையா மின்னலாக வேலை செய்தான். மிஷின் லோரித் தரைக்கு வந்தது. அம்மி மூலைக்குப் போனது. மூட்டையை அணையாகக் கொடுத்துக் கயிற்றை இழுத்து, காலை உதைத்து முறுக்கி முடிச்சுப் போட்டான். ஆணி துவாரத்துக்குத் திரும்பியது. வாழைமரம் முன்பக்கம் போனது. பெண்களையும் பிள்ளைகளையும் என்ஜின் பக்கம் முதுகு வைத்துத் தரையில் உட்கார வைத்தான். பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டிருந்த கங்காணியின் மைத்துனரை, மாமா மச்சான் என்று பார்க்காமல் உள்ளே தள்ளினான். ராகு காலத்துக்கு மூன்று நிமிஷம் முன்னால் என்ஜின் உறுமியது.

கங்காணி முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். லோரி சுங்கை பூலோவைத் தாண்டியது. ரவாங்குக்கு நாலு மைல் இருக்கும்போது ஓர் இறக்கம். செம்மண் ரோடு, காலை மழையில் ஊறிக் கிடந்தது. வளைவு திரும்பியதும் எதிரே ஒரு எருமை நடுரோட்டில் நின்றது. சின்னையா பிரேக்கை மிதித்தான். பின்சக்கரம் பக்கவாட்டில் எட்டு முழம் வழுக்கிப் போய், வாய்க்கால் ஓரத்தில் நின்றது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஒரு பெண் எருமைக்காரனின் பரம்பரையையே திட்டினாள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் கயிறு ஒரு முறை இறுகி முனகியதைச் சின்னையா கேட்டான். அம்மி நகரப் பார்த்திருக்கிறது, கயிறு விடவில்லை. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. கங்காணிக்குத் தலைப்பாகை சரிந்ததுதான் தெரிந்தது. "பாத்து ஓட்டத் தெரியாதா?" என்றார்.

ரவாங்கில் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, கயிறும் கட்டுமாக வந்து நின்ற சீரைப் பார்த்து, "என்ன இது, கடன்காரன் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடி வந்த மாதிரி இருக்கு" என்று நீட்டி முழக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். தம்புசாமி சிரிக்கவில்லை. கல்யாணம் முடிகிறவரை அந்தச் சிரிப்பை அவர் மென்றுகொண்டே இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை சின்னையா வேலைக்குப் போனபோது கடையில் கங்காணி உட்கார்ந்திருந்தார். தவுக்கே யார் முகத்தையும் பார்க்கவில்லை. விஷயம் எளிது. சின்னையா இருந்தால் தோட்டத்து ரப்பர் வேறு லோரியில் ஏறும். ஆனாலும் கங்காணி பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொல்லியிருக்கிறார். தப்பு தன்னுடையது என்று சின்னையா இங்கே, கடைக்காரர்கள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும்.

"சொல்லிடு லா" என்றார் தவுக்கே. கெஞ்சலாகவே சொன்னார். அவருக்கு இப்படி ஓர் ஓட்டுநர் மறுபடி கிடைக்க மாட்டான்.

"போகும்போது ஒண்ணும் நடக்கல, வரும்போதும் ஒண்ணும் நடக்கல. பின்ன எதுக்குடா அத்தனை கயிறு? சம்பந்தி வீட்டு முன்னாடி என்னைக் கேவலப்படுத்தத்தானே?" என்றார் கங்காணி.

சின்னையாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எருமையைச் சொல்லலாம், கயிறு முனகியதைச் சொல்லலாம். யார் நம்பப் போகிறார்கள்?

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான் கட்டினேன் கங்காணியாரே. உங்க பொண்ணு நல்லபடியாப் போய்ச் சேந்துச்சு, கூடப் போன அத்தனை பேரும் முழுசாத் திரும்பி வந்தாங்க. இதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? கேக்க மாட்டேன்."

கைப்பிடியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தான்.

வீரமாகத்தான் நடந்தான். வீரம் சோறு போடுமா? ஐம்பது நாள் கிள்ளானில் எந்தக் கடையிலும் வேலை கிடைக்கவில்லை. கங்காணியின் பேச்சு அவனுக்கு முந்திக்கொண்டு எல்லாக் கடைக்கும் போயிருந்தது. வீரம்மா பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டப் போனாள். ஒரு நாளும் அவனைக் குத்திப் பேசவில்லை. கடைசியில் சுங்கை பூலோவில் காய்கறி ஏற்றும் ஒரு லோரிக்கு ஆள் கேட்பதாகச் சேதி வந்தது. கிளம்பும்போதுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். ஒரு மாசத்துக்காவது கண்டும் காணாம இருங்க. பிள்ளைங்க மூஞ்சியப் பாருங்க." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தான்.

முதல் நாள். முள்ளங்கிக் கூடைகளைத் தானே அடுக்கிக் கட்டினான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைச் சுற்றினான், என்ஜின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான். புது முதலாளியின் சொந்தத் தம்பி பின்பலகையில் ஏறி, சுருட்டைப் பற்றவைத்து, இரண்டு காலையும் வெளியே தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பிறகு என்ஜினை அணைத்தான். இறங்கிப் பின்பக்கம் போனான்.

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க. இல்ல, கீழ எறங்கிக்குங்க."