மார்லிஸ் தேர்ந்தெடுத்த முனை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பஃபலோ கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் வில்லைப் பற்றி எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் என் கடையில்தான் வந்து நிற்க வேண்டும். நாற்பத்தொரு வருஷமாக அப்படித்தான். பால் கறக்கும் கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டு ஆரம்பித்தேன். இன்றைக்குக் கடைக்குள்ளேயே முப்பது கஜம் எய்து பார்க்கலாம். சுவர் எழுப்பியதும் கூரை போட்டதும் இந்தக் கைதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நார்பர்ட் வாகர் லேசில் யாரையும் பாராட்டுகிறவன் இல்லை. மார்லிஸ் டீட்ஸைப் பாராட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மார்லிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஜனவரிப் பனியில், ஆற்றோரக் குன்றுச் சாலையில், முப்பத்தொரு வருஷமாக ஒரு தடவைகூட பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. வில்லும் அப்படித்தான். இருபத்தாறு பருவம் மான் அடித்தவள், எய்த மானைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போனதே கிடையாது.

போன வருஷம்தான் அந்தப் பெயர் கெட்டது. வசந்தத்தில் வலது தோளில் அறுவை செய்தார்கள். ஐம்பத்திரண்டு பவுண்டு இழுவை உள்ள வில்லை வளைத்தவள் நாற்பத்திரண்டுக்கு இறங்கினாள். அவள் கொழுந்தன் வெண்டல் நல்ல மனசோடு தன் அம்பு முனைகளில் மூன்றைக் கொடுத்தான். பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் கத்தி போல விரியும் வகை. விரிந்தால் இரண்டு அங்குல வெட்டு. அந்த முனையால்தான் அக்டோபரில் ஒரு மானை எய்தாள். அம்பு விலாவில் பட்டது, பாதியில் நின்றது. மான் அம்போடு ஓடியது. மூன்று நாள் தேடினாள். ஓடைக் கரையோடு ரத்தம் நின்றுபோயிற்று. மான் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் ஜூலை மாதம் கடைக்கு வந்தாள்.

"நார்ப், எனக்கு முனை வேணும். பிரசங்கம் வேண்டாம்."

"ரெண்டையும் சேத்துத்தான் விக்கிறேன். தனித்தனியா கிடையாது."

சிரிக்கவில்லை. வில்லை என் மேசை மேல் வைத்தாள். "இந்த வருஷம் இன்னொரு மானைக் காயப்படுத்தித் தொலைச்சேன்னா இதை உன் சுவத்துல மாட்டிட்டுப் போயிடுவேன். வேதனையோட அது எங்கயோ கிடந்து செத்திருக்கும். அதை நெனச்சா தூக்கம் வரல."

பின்னாலேயே வந்த வெண்டல் சும்மா இருப்பானா? "குறுக்கு வில் வாங்கிக்கன்னு தலையால அடிச்சுக்கறேன். உக்காந்துக்கிட்டே விசையை அழுத்தினாப் போதும். அந்தத் தோளை வச்சுக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டுற?"

"உனக்குத்தான் ரெண்டு தோளும் நல்லா இருக்கே. நீ ஏன் குறுக்கு வில் வச்சிருக்க?"

வெண்டல் காபி எடுக்கப் போய்விட்டான்.

தவறு எங்கே என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. ஒருத்தன் பெரிய மானை எந்த முனையால் அடித்தானோ அதையே எல்லாரும் வாங்குவார்கள். யார் வில், எவ்வளவு பலம் என்று பார்க்க மாட்டார்கள். வெண்டலின் குறுக்கு வில்லுக்கு இவள் வில்லைப் போல மூன்று மடங்கு பலம். அகல முனை விரிவதற்கே பாதி பலத்தைத் தின்றுவிடும். மிச்சத்தில் மானைத் துளைக்க வேண்டும். இவள் வில்லில் மிச்சம் எங்கே இருக்கிறது?

"விரியாத முனை போட்டுக்க. பழைய மாதிரி. முடிஞ்சுது கதை," என்றேன்.

"உன் வாய்ச் சொல்லை நம்பி இல்ல, பாத்துட்டு எடுக்கறேன்," என்றாள்.

மறுநாள் இறைச்சிக் கடையிலிருந்து பலகை மாதிரி வெட்டிய பன்றி விலாக்களை, பஸ் ஓட்டும்போது கொண்டுபோகிற பையில் போட்டுக்கொண்டு வந்தாள். இலக்குக் கட்டைக்கு முன்னால் கம்பியில் தொங்கவிட்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் என் கடைக்குள் எவரும் பன்றியைத் தொங்கவிட்டதில்லை. ஆனாலும் விட்டேன்.

வெண்டலும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். முதலில் அவன் கொடுத்த அகல முனை. நேராகப் பறந்தது. விலாவை உடைத்தது, கட்டைக்குள் நாலு விரல் போய் நின்றது. போன வருஷத்து மான் எப்படித் தொலைந்தது என்று மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

அடுத்தது என் விரியாத முனை. விலாவை வெண்ணெய் போல அறுத்துக்கொண்டு போயிற்று. "பாத்தியா?" என்றேன். மார்லிஸ் இருபத்தைந்து கஜத்துக்குப் பின்வாங்கி மூன்று எய்தாள். மூன்றும் குறியிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம். அறுவைக்குப் பிறகு நாணை விடும்போது அவள் கை லேசாக இழுக்கிறது. விரியாத முனையின் கத்தி அலகு எப்போதும் வெளியே நிற்பதால் காற்றைப் பிடித்து அந்தச் சின்னப் பிசகைப் பெரிதாக்கிவிடும்.

"வெண்ணெயை அறுக்கறது சரி, நார்ப். எந்த வெண்ணெயை அறுக்கும்னு எனக்கே தெரியாதே," என்றாள்.

நான் தப்பாகச் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் இப்படி ஒத்துக்கொண்டதை விரல்விட்டு எண்ணலாம், வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

ஆனால் வழி கண்டுபிடித்ததும் நான்தான். இரண்டே அலகு, ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த வெட்டு, அலகு பின்பக்கமாக வழுக்கி விரியும் முனை ஒன்று என் அலமாரியில் இருந்தது. மடங்கியிருப்பதால் நேராகப் பறக்கும், குறுகலாக இருப்பதால் பலத்தைத் தின்னாது. அதோடு லேசான அம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கனமான அம்பைக் கொடுத்தேன். எய்தாள். விலாப் பலகையைத் தாண்டி அம்பு இறகு வரைக்கும் கட்டைக்குள் போயிற்று. இருபத்தைந்து கஜத்தில் மூன்று அம்பும் ஒரு உள்ளங்கைக்குள்.

"இது போதும்," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கோடை முழுக்க அந்த முனையாலேயே பழகினாள். அலகை மடக்கிப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் எய்ய எய்யத் தளர்ந்துவிடும், வேட்டைக்குப் புது வளையம் மாட்ட வேண்டும். அதையும் நான் சொல்லாமலே செய்தாள்.

அக்டோபர் இரண்டாம் வாரம். பத்துக் கிளைக் கொம்பு மான் ஒன்று, அவள் மரத்தில் கட்டி உட்கார்ந்திருந்த பரணுக்குப் பதினாலு கஜத்தில் வந்து நின்றது. ஆனால் நெஞ்சைக் கோணலாக அவள் பக்கம் திருப்பி நின்றது. அந்தக் கோணத்தில் விரியும் முனை எலும்பில் வழுக்கலாம். முழுக்க இழுத்த நாணை, அந்தத் தோளோடு, எய்யாமல் மெல்லத் தளர்த்தினாள். மான் போய்விட்டது.

ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் வெண்டல் அவளைப் பிடித்துக்கொண்டான். "பத்துக் கிளை! பதினாலு கஜம்! என் பாட்டியே கல்லால அடிச்சிருப்பா!"

"கொம்பைக் கொதிக்க வச்சுக் குடிக்கவா? மீனைத் தின்னு," என்றாள் மார்லிஸ்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் போன் அடித்தது. "எய்துட்டேன். கொழுத்த பெட்டை மான், பதினேழு கஜம், பக்கவாட்டா நின்னுச்சு. அம்பு அந்தப் பக்கம் மண்ணுல குத்தி நிக்குது. யாரும் ஓடி வராதீங்க, நடந்து வாங்க."

நானும் வெண்டலும் போனோம். அடிபட்ட மான் மிரண்டு எழுந்து ஓடாமல் இருக்க அரை மணி நேரம் கழியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எங்களையும் நிற்கவைத்தாள். பிறகு தரையைப் பார்த்து நடந்தோம். ஒவ்வொரு ரத்தப் பொட்டுக்கும் அடையாளமாக ஒரு துண்டு டாய்லெட் காகிதம் வைத்தோம். நாற்பது தப்படி வரைக்கும் வெள்ளைக் காகிதம் வரிசையாக வந்தது. அப்புறம் ஓடை. அதோடு ரத்தம் நின்றது.

மார்லிஸின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை.

அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் கை வைத்து ஒவ்வொரு கல்லாகத் தவழ்ந்து அக்கரைக்குப் போனாள். அங்கே ஒரு காய்ந்த இலையைத் திருப்பினாள். அடியில் ரத்தப் பொட்டு. "நார்ப், காகிதம் குடு." அதற்கப்புறம் இருபது தப்படி. விழுந்த மரத்துக்குப் பின்னால் மான் படுத்துக் கிடந்தது. ஓடி விழுந்து ஒரு நிமிஷத்துக்குள் அடங்கியிருக்கும். இரண்டு விலாவிலும் துளை. வெண்டல் குனிந்து வெளித்துளையில் விரலை வைத்துப் பார்த்தான். "ஊடுருவிப் போயிருக்கு," என்றான், தனக்குத்தானே.

மார்லிஸ் மான் கழுத்தில் கை வைத்தாள். பிறகு கத்தியை எடுத்துக் குடலை நீக்க ஆரம்பித்தாள். முழங்கை வரைக்கும் ரத்தம். அடித்த மானை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், அவள் கையால் போனைத் தொட முடியாது.

"வெண்டல், என் பையில போன் இருக்கு. நீயே பதிவு பண்ணு."

அவன் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தான். ஆணா, பெண்ணா. எந்தக் கவுண்டி. அடுத்த கேள்வியில் நிறுத்திவிட்டான்.

"என்ன கேக்குது?" என்றாள்.

"எதால அடிச்சதுன்னு கேக்குது. வில்லா, குறுக்கு வில்லா."

"படிக்கத் தெரியுதுல்ல? அழுத்து."

வெண்டல் அழுத்தினான்.

"சத்தமாச் சொல்லு, நார்புக்குக் காது மந்தம்."

"வில்லுன்னு போட்டுட்டேன், போதுமா?" என்றான் அவன்.

எனக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கும்.