இத்தாவில் கேட்ட மூன்று ஆல்பங்கள்

இந்த வருடம் வெளியான ஆல்பங்களில் எனக்குப் பிடித்தவை மூன்று. மூன்றையும் நான் இத்தாவில் இருந்துதான் கேட்டேன். புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் கடமை அது. அத்தனை நாளும் முழு நேரமாக அழ முடியாது என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஐம்பது வருடம் எங்கள் வீட்டு வானொலி அவர் கையில்தான் இருந்தது. செய்தி, நெல் விலை, மரண அறிவித்தல். பாட்டுத் தொடங்கினால் நிறுத்திவிடுவார். நானும் பேசாமல் இருந்துவிடுவேன். ஆட்கள் முன்னால் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்.

அவருடைய ஃபோனை மகள் என்னிடம் தந்தாள். ஹஸ்ரத்மாரின் மார்க்கப் பேச்சு, பயான் கேட்கச் சொல்லி இயர்போனும் தந்தாள். கேட்டேன், இரண்டு நாள். மூன்றாம் நாள் விரல் எங்கேயோ பட்டுப் பாட்டு வந்தது. அதற்குப் பிறகு விரலை வேண்டுமென்றே பட வைத்தேன்.

முதலாவது ஆல்பம் அறபு நாட்டுக்காரி ஒருத்தியுடையது. ஒரு சொல்லும் விளங்கவில்லை, அதனால் குற்றம் காணவும் முடியவில்லை. அடுத்தது வெறும் வயலின். ஒன்பதில் ஏழு அருமை, மிச்சம் இரண்டும் பூனைச் சண்டை. மற்றது, கொழும்புப் பெடியன் ஒருவன் மூச்செடுக்காமல் தமிழில் ஏசுவது. வாடகை வீட்டுக்காரன், பஸ் கொண்டக்டர், பழைய காதலி, எல்லாருக்கும் ஏச்சு. வாழ்நாள் முழுக்க நான் மனதுக்குள் ஏசியதை அவன் மேளத்தோடு ஏசினான்.

என் பயம் மதினிக்குத்தான். என் புருசனுடைய ராத்தா, மூத்த அக்கா. லுஹர் தொழுகைக்கு மதினி அறிந்தது பின்னேரம் அஸர் தொழுகைக்குள் நிந்தவூரைத் தாண்டிவிடும். என் மகனுக்குத் தெரிந்தால் ஃபோனைப் பறித்துவிடுவான். மதினியோ தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு நாள் கேட்டார், "என்னகா கேக்காய்?"

"பயான், மதினி."

"எந்த ஹஸ்ரத்து?"

நான் முக்காட்டை இழுத்துக் காதை மூடினேன்.

"பயானுக்கு ஆருகா கால் பெருவிரல ஆட்டுற? நாலு நாளாப் பாத்துக்கொண்டுதான் இரிக்கன். கொண்டா ஒரு பக்கத்த."

அப்போது ஓடிக்கொண்டிருந்தது பெடியனின் ஏச்சு. நிறுத்தும் இடத்தை விரல் தேடிக்கொண்டிருந்தது. மதினி இயர்போனின் ஒரு பக்கத்தை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். தஸ்பீஹ் மணி நின்றது. பாட்டு முடியும்வரை முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஃபோன் போய்விட்டது என்றே முடிவு செய்தேன்.

"இவன் ஆரகா இப்பிடி ஏசுறான்?"

"வாடகை வீட்டுக்காரன, மதினி."

"என்ட தம்பி இதக் கேட்டிரிந்தா உன்னக் கொன்றிரிப்பான்."

"அவர் இரிந்தா நான் ஏன் மதினி இத்தால இரிக்கன்?"

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. மதினியின் தோள் குலுங்கியது. தம்பியை நினைத்து அழுகிறார் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணும் நனைந்துதான் இருந்தது.

"மறுகாவும் போடு," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அஸருக்குப் பிறகும் ஆளுக்கொரு காது. எது முதலாவது என்பதில்தான் சண்டை. நான் அறபுக்காரி என்றேன், மதினி பெடியன் என்றார். வயலினுக்கு மூன்றாம் இடம் என்பதில் மட்டும் ஒற்றுமை.

இத்தா முடிந்த அன்று குளித்து, நிறச் சேலை உடுத்தேன். மகள் என் அறையின் கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டாள். இனி யாரும் வரலாம், போகலாம். அந்த நேரம் மதினி வந்தார். வாசலில் நின்று அறையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாகச் சொன்னார்:

"இவக்கு இன்னும் மனம் ஆறல்ல, புள்ள. கொஞ்ச நாளைக்கி ஆரையும் உள்ள விடாத."

மகள் தலையாட்டிவிட்டுப் போனாள். மதினி கதவைச் சாத்தி, என் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டை ஒதுக்கிக் காதை நீட்டினார்.

"முதல்ல பெடியன்," என்றார்.