வாளி என்றால் ஷவர்

"இரும்பு வாளி, ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கக்கா கணினியில் தட்டினார். மேஜைமேல் இருந்ததோ பளபளவென்று இரண்டு ஷவர். எதிரே நின்ற பிளம்பர் வாளிக்கு அச்சான பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஷவரைத் தூக்கிக்கொண்டு போனார்.

குழாய்ச் சாமான் விற்கும் அந்தக் கடையில் எல்லாருக்கும் அவர் கணக்கக்காதான். ஐம்பத்து நான்கு வயது, ஒல்லி, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. இப்போதைய முதலாளியை அரைக்கால் சட்டையில் பார்த்தவர் என்பதால் அவரைத் "தம்பி" என்பார்; ஆனால் "நீங்க"வை விடமாட்டார். காலையில் பொத்தானை அழுத்தினால் கணினி கண் விழிக்க ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் திரையின் விளிம்பில் விரலால் தட்டி, "எந்திரிப்பா, ஆளுங்க வந்துட்டாங்க" என்று தாஜா பண்ணிக்கொண்டிருப்பார். அவருடைய நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

அந்தக் கணக்கு மென்பொருள் சின்னக் கடைகளுக்கென்று செய்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சரக்குப் பெயர்களுக்குமேல் ஏற்காது. ஒரு பெயரில் ஒருமுறை பில் போட்டுவிட்டால், அதை அழிக்கவும் விடாது, திருத்தவும் விடாது. பட்டியல் நிரம்பிய அன்றைக்கே பெரிய பதிப்பை வாங்கியிருக்கலாம். கணக்கக்கா அதற்கொரு குறுக்குவழி கண்டுபிடித்தார். விற்பனை நின்றுபோன சரக்கின் பெயரில் புதுச் சரக்கைக் குடிவைத்துவிட்டார். இரும்பு வாளியில் ஷவர் வந்தது. கைப்பம்புத் தோல் வாஷரில், கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய் வந்தது. எலிப்பொறியில் வாஷ்பேசின். இப்படி இருநூற்று எண்பத்தாறு இரட்டைப் பெயர்கள், அத்தனையும் அவர் தலைக்குள்.

தாளில் எழுதி வைக்கலாமே என்று கேட்டால், "எழுதி வெச்சு என்ன பண்ண, எனக்குத்தான் தெரியுமே" என்பார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பழகிய பிளம்பர்களும் அந்தப் பாஷையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, எலிப்பொறியில் நல்ல வெள்ளையாக ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கிறவருக்கும் சிரிப்பு வராது, கொடுக்கிறவருக்கும் வராது.

சிக்கல் கண்ணில் வந்தது. வலது கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சை சின்னதுதான், ஆனால் இரண்டு வாரம் திரைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் முற்றிவிடும், இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றும் சொன்னார். கணக்கக்கா மூன்று முறை தேதி வாங்கினார், மூன்று முறையும் ரத்து செய்தார். அவர் இல்லாமல் கடையில் யார் பில் போடுவது? முன்பொரு சமயம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தபோது துண்டுச்சீட்டில் எழுதிச் சமாளித்தார்கள். அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

மென்பொருளை மாற்றத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போது என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. ஆடிட்டர் கணக்கு வருடம் முடியட்டும் என்பார். வருடம் முடிந்தால், வரித்தாக்கல் முடியட்டும் என்பார். முதலாளி சீசன் முடியட்டும் என்பார். வீடு கட்டுகிற ஊரில் குழாய்க்கு ஏது சீசன்? மென்பொருள் விற்கிறவர் மாதம் தவறாமல் போன் செய்து, தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்பார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கணக்கக்காவின் கணவர் மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே சொல்வார்: "வண்டி நடுரோட்டுல நின்னப்புறம்தான் ஷெட்டுக்கு விடுவேன்னா எப்படி? அதுக்கு முன்னாடி கண்ணு போயிடும், பாத்துக்கோ."

ஒரு வியாழக்கிழமை, கடைக்குப் புதியவரான பால்பண்ணைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து நாற்பது இரும்பு வாளி கேட்டார். கணக்கக்கா திரையைப் பார்த்தார். இரும்பு வாளி, இருப்பு அறுபத்து மூன்று. இருக்கிறது, அனுப்புகிறோம் என்றார். ஒரு வாளிக்கு இவ்வளவு விலையா என்று அவர் முனகியதற்கு, இப்போ எல்லாமே ஏறிப்போச்சுங்க என்று சமாதானமும் சொன்னார். பில் குடோனுக்குப் போனது. பில்லைப் பார்த்துச் சரக்கெடுத்துப் பழகிய குடோன்காரர் கடமையில் தவறாதவர். வாளி என்றால் ஷவர். நாற்பதை எண்ணி வண்டியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை பால்பண்ணைக்காரர் கூப்பிட்டார். கோபப்படக்கூட இல்லை. "எங்க மாடுங்க ஷவர்ல குளிக்கிற அளவுக்கு இன்னும் வசதியாகலீங்க" என்றார், அவ்வளவுதான்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லாவில் இருந்தவர் சிரித்தார், குடோன்காரர்கூடச் சிரித்தார். கணக்கக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியில் ஷவரைக் குடிவைத்தது அவர்தான். தான் வைத்ததைத் தானே மறந்தது அவரைக் கலக்கிவிட்டது. இன்று வாளி மறந்தது, நாளைக்கு எது மறக்குமோ? அன்று மதியம் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். டப்பாவை மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். பிறகு நேராக முதலாளியின் அறைக்குள் போனார்.

"தம்பி, பதினெட்டாம் தேதி கண் ஆபரேஷன். இந்தத் தடவை ரத்து பண்ண மாட்டேன். அதுக்கு முன்னாடி சாஃப்ட்வேரை மாத்திடணும். இந்த ஞாயித்துக்கிழமையே."

முதலாளி செலவைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று கணக்கக்கா பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தார். அவரோ கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பணம் போன வருஷமே எடுத்து வெச்சுட்டேன்க்கா. நீங்க வளத்த கணக்கு, மாத்துறேன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களோன்னுதான் சீசன் சீசன்னு தள்ளிக்கிட்டே வந்தேன்."

இவர் கடைக்காகத் தள்ளிப்போட, அவர் இவருக்காகத் தள்ளிப்போட, நடுவில் ஒரு கண் மங்கியிருக்கிறது. கணக்கக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

ஞாயிறன்று கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். கணக்கக்கா பழைய பெயரையும் அதில் குடியிருக்கிற சரக்கையும் சொல்ல, குடோன்காரர் அந்தச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட, மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி அதைத் தட்டினார். எலிப்பொறிக்கு வாஷ்பேசின் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் ஐந்து நிமிடம் வேலை ஓடவில்லை. முதல் ஐம்பது பெயர்கள்வரை கணக்கக்காவின் குரல் கம்மித்தான் இருந்தது. நூறைத் தாண்டியதும் தெளிந்தது. இருநூறுக்குப் பிறகு அவரே வேகப்படுத்தினார், "அடுத்தது, அடுத்தது" என்று. தலைச்சுமையை ஒவ்வொன்றாக யாரோ வாங்கி இறக்கிவைத்த மாதிரி இருந்தது என்று அன்றிரவு கணவரிடம் சொன்னார்.

பத்து நாள் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. மாலையில் இரண்டையும் ஒத்துப்பார்ப்பார்கள். மூன்றாம் நாள் குழாய் மரையில் சுற்றும் டேப் சுருள் ஒன்று கணக்கில் இடித்தது. கடையைப் புரட்டிப் போட்டுத் தேடினால், அது குடோன்காரரின் சட்டைப்பையில் இருந்தது. அதன்பிறகு இடிக்கவில்லை. கல்லாக்காரர் முதன்முதலாகத் தானே ஒரு பில் போட்டுவிட்டு, மூக்கின்மேல் விரல் வைக்காத குறையாகத் திரும்பினார். "அக்கா, ஷவர்னு அடிச்சா ஷவரே வருதுக்கா" என்றார். கணக்கக்கா இரண்டு கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் முற்பகல், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு கணக்கக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை உடுத்தி, கையில் கடிகாரமும் கட்டி, கடைக்குக் கிளம்புகிறவர் மாதிரியே இருந்தார். சும்மா இருப்பது எப்படியென்று அவருக்குத் தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி. கணக்கக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, எது இடிக்குது? சொல்லுங்க."

"ஒண்ணும் இடிக்கலக்கா. பில்லெல்லாம் அவங்களே போட்டுக்கிறாங்க. உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நம்பாமல் அவர் கையைப் பார்த்தார் கணக்கக்கா. காகிதம் எதுவும் இல்லை. சட்டைப்பையிலும் இல்லை. கணவர் நாற்காலியை இழுத்துப் போட, முதலாளி சாவகாசமாக உட்கார்ந்தார். கணக்கக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இடது கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி, அலமாரியில் வைக்கச் சொல்லிக் கணவரிடம் நீட்டினார்.