இடது காலுக்கு வேலை இல்லை

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவளம்தான். வெயில் ஏறுவதற்குள் மூன்று கார்கள் அந்த டீக்கடைக்கு எதிரே வந்து நின்றுவிடும். ஒன்று என் பழைய டீசல் வண்டி. இன்னொன்று திருப்போரூரில் மனை விற்கும் என் பள்ளித் தோழனின் ஹைபிரிட். மூன்றாவது எலெக்ட்ரிக், திருநெல்வேலியிலிருந்து வந்து ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி ஒருவனுடையது. டீ சொன்ன கையோடு மூவரும் பானெட்டைத் திறந்து வைப்போம். அது எங்கள் வழக்கம். எலெக்ட்ரிக் காரில் பானெட்டுக்குக் கீழே பார்ப்பதற்கு ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் பாவம், அவனும் திறந்து வைப்பான்.

அதற்குப் பிறகு சண்டைதான்.

"டேங்க் ரொப்பிகினு கெளம்பினா நம்ம வண்டி உங்க ஊரு வரிக்கும் போயிடும். நீ வழியில சார்ஜு போட்டுகினு குந்திகினு இருப்ப. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்பான் மனைக்காரன்.

"நான் நெதம் ஊருக்காவே போறேன்? ராத்திரி போன்ல சார்ஜ் போடுத மாதிரி கார்லயும் போட்டுட்டுத் தூங்குதேன். உங்க வண்டி கொஞ்ச நேரம் கரண்டு, கொஞ்ச நேரம் பெட்ரோலு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்லா!" என்பான் தம்பி.

"பேட்டரி பூட்டா அப்போ தெரியும்டா ஒனக்கு!"

நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் திட்டுவேன். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியும் உப்பில்லாத குழம்பும் எனக்கு ஒன்று. என் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு நாய் எழுந்து வாலாட்டும்.

இப்படி வாரா வாரம் வெட்டி நியாயம் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு உண்மையாகவே ஒரு கார் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் வந்தது.

என் மனைவி திருப்போரூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு மழைநாளில் வண்டி சறுக்கி விழுந்ததில் இடது கணுக்கால் நொறுங்கிப்போயிற்று. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்து முடுக்கினார்கள். நடக்க முடிந்தது. ஆனால் அந்தக் கணுக்கால் மடங்காது, அதை வைத்து எதையும் அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூட்டரை நிறுத்தினால் இடது காலை ஊன்ற வேண்டும், முடியாது. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் ஒரு நாள் போய்விட்டு வந்து இரவெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஜூனில் பள்ளி திறக்கும் வரை அவள் இடத்தை வைத்திருப்பதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவராலும் முடியாது. எனக்கோ கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் கொண்டுபோய் விடலாம், அடுத்த வாரம் முடியாது. குலுங்காத புது வண்டி ஒன்று வாங்கி, என் ஷிப்ட் ஒத்துவராத நாட்களில் ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வேணாம். என்ன ஒரு பார்சல் மாதிரி ஏத்தி எறக்க வேணாம். நான் வேலைய விட்டுடறேன்," என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே போய் அழுதது எனக்குக் கேட்டது. வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்கும்போது அவள் குரலே வேறு. ஒரு முறை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் குரலை அடுப்படியில் அடைத்துவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் அந்த ஞாயிறு அவளையும் கோவளத்துக்கு வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். எந்த வண்டியின் பின்சீட்டில் குலுக்கல் குறைவு என்று உட்கார்ந்து பார்த்து அவளே சொல்லட்டும் என்பது என் கணக்கு. வாத்தியாரம்மா முன்னால் இரண்டு பேரும் தங்கள் வண்டிக்காக அப்படி வாதாடினார்கள். மனைக்காரன் தன் பின்சீட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். "குந்திப் பாரு அண்ணி, மெத்த மாதிரி கீது." தம்பி விடவில்லை. "மதினி, நம்ம வண்டியில நடுக்கமே கெடையாது. ஓடுதா நிக்குதான்னே தெரியாது, பாத்துக்கிடுங்க."

அவள் இரண்டிலும் பின்னால் உட்கார்ந்து எழுந்தாள். எதுவும் பிடித்த மாதிரி தெரியவில்லை. கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு டீயைக் குடித்தாள். நாங்கள் மறுபடி எங்கள் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டோம்.

எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் எங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. கியர் இல்லாத வண்டி வண்டியே இல்லை. கிளட்சை மிதித்து கியரைத் தட்டி வண்டியைத் தன் வழிக்குக் கொண்டுவருகிறவன்தான் டிரைவர். இதை நான் வழக்கம்போல எடுத்துவிட்டேன்.

"அது ஒண்ணுதான் அண்ணாத்த இதுல கொற," என்று மனைக்காரன் ஒப்புக்கொண்டான். "எடது காலு சும்மா கெடக்குது."

"நம்ம வண்டியிலயும் அந்தக் கதைதான்," என்றான் தம்பி. "ஒத்தக் கால்ல ஓட்டுதது ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

கேட்டது அவள். டீ கிளாஸை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"கிளட்சு இல்ல அண்ணி. பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு ரெண்டும் வலது காலுதான். எடது காலுக்கு வேலையே இல்ல."

"ரெண்டு வண்டியிலயுமா?"

"ஆமா மதினி."

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே! எத்தனை ஞாயிறு, எத்தனை டீ! மைலேஜ் பேசினோம், பேட்டரி பேசினோம், பிக்கப் பேசினோம். எங்கள் கண்ணுக்குக் குறையாகத் தெரிந்த ஒன்று இவளுக்கு வரம் என்று மூன்று தடியன்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. கார் என்றாலே கிளட்ச் என்று ஊறிப்போன மண்டை; அவள் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

முதலில் வாயைத் திறந்தவன் மனைக்காரன். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். "லைசென்ஸுக்கு எழுதிப் போட்டுடு அண்ணி. மத்தத நாங்க பாத்துக்கறோம்." பக்கத்தில் நிறுத்தினால் கதவு இடித்துவிடும் என்று எனக்கே தள்ளி இடம் காட்டுகிற மனிதன் அவன். தன் காரை மழையில்கூட நனைய விடமாட்டான்.

டாக்டர் காலைப் பார்த்து, கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். எல்.எல்.ஆர். வந்தது. திருப்போரூருக்கு வெளியே மனைக்காரன் போட்ட லேஅவுட்தான் எங்கள் பள்ளிக்கூடம். தார் ரோடு உண்டு, மஞ்சள் அடித்த கல் உண்டு, ஆர்ச்கூட உண்டு. வீடுதான் ஒன்றும் கிடையாது. ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கும். அவ்வளவு நாள் அந்த மனைகள் விற்காமல் கிடந்ததற்கு நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். அவனிடம் சொல்லவில்லை.

முதல் நாள் பக்கத்து சீட்டில் நான்தான் உட்கார்ந்தேன். "மெதுவா! ஆடு! ஆடு!" என்று கத்தினேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"நீங்க எறங்குங்க."

"என்னாச்சு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க. ஆடு பயப்படல, நீங்கதான் பயப்படறீங்க."

இறங்கினேன். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும்தான் அவளுக்கு வாத்தியார்கள். ஒருவன் மாற்றி ஒருவன் வருவான். எனக்கு ஷிப்ட் உள்ள நாட்களில்கூட வந்து, வீட்டுவாசலில் ஹாரன் அடித்து அவளைக் கூட்டிப்போனார்கள். தம்பி ஆபீஸில் பெர்மிஷன் சொல்லிவிட்டு வருவான் என்று பிறகுதான் தெரிந்தது. ஹைபிரிட்டின் பின்பக்கம் ஒரு மஞ்சள் கல்லில் உரசியபோது மனைக்காரன் கீழே இறங்கிப் பார்த்தான். அன்று எனக்கு ஷிப்ட் இல்லை, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கல்ல நட்டது நான்தான் அண்ணி, ராங்கான எடத்துல நட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறி உட்கார்ந்தான். அவனை எத்தனை முறை வாயாடி என்று திட்டியிருக்கிறேன்! அந்த ஒரு வார்த்தைக்காக அவன் ஆயுள் முழுக்கப் பேசினாலும் கேட்பேன்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் தன் முடிவை அவளே சொன்னாள். "பள்ளிக்கூடம் போயிட்டு வர தூரம்தான் எனக்கு. வீட்டுல சார்ஜ் போட்டுக்கலாம். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தாலே வண்டி பாதி நின்னுடுது. எனக்கு எலெக்ட்ரிக்." பேட்டரி போனால் என்ன செய்வது என்று நான் ஆரம்பித்தேன். "அத அப்போ பாத்துக்கலாம்," என்று முடித்துவிட்டாள். எங்கள் கூட்டத்தில் இத்தனை காலம் தீராத வழக்கு அவ்வளவுதான்.

வண்டி வந்த நாள் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தவன், தோற்றுப்போன ஹைபிரிட்காரன்தான்.

பள்ளி திறந்த அன்று எனக்கு முதல் ஷிப்ட். "ஏறுங்க, உங்கள எறக்கிவிட்டுட்டு அப்பிடியே போறேன்," என்றாள். புதுப் புடவை, தோளில் அந்தப் பழைய கைப்பை. வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்று வரும்போதும் என் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடித் தானாகக் கால்மிதியை மிதித்தது. அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் காலுக்கு இங்க வேலை இல்ல," என்றாள். "என்னுது மாதிரி சும்மா இருக்கச் சொல்லுங்க."

சொன்னது வகுப்பறையில் கேட்ட அந்தக் குரல். என் கண் கலங்கிவிட்டது. காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.